பசியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்: உண்ணுதல் கோளாற்றிலிருந்து மீள்வதில் எழுத்தின் பங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பைக் கரைக்கும் அனோரெக்ஸியா, அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதை எப்படியாவது வெளியேற்றத் துடிக்கும் புலிமியா, நிறுத்த முடியாமல் சாப்பிட்டு அப்புறம் வெட்கத்தில் குன்றிப்போகும் பிஞ்ச் ஈட்டிங். இவற்றையெல்லாம் சேர்த்து ஈட்டிங் டிஸார்டர், உண்ணுதல் கோளாறு என்கிறோம். இதற்குச் சிகிச்சை எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுத்துப் பயிற்சியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, கதையும் கடிதமும் எழுதப் பழக்குகிறவள். உடம்பு சம்பந்தமான எதிலும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. எடை, கலோரி எண்கள் இந்தப் பக்கத்தில் எங்கும் வராது. காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

கதை, கவிதை எழுதினால் இந்த நோய் குணமாகிவிடுமா?

ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டினி கிடக்கும் மூளை சாப்பாட்டால்தான் தேறும், எழுத்தால் தேறாது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் அதில் தாங்களாகவே சேர்ந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரைப் பட்டினி. போகப் போக அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து மணிக்கணக்காகப் படித்தார்கள். சிரிப்பு குறைந்தது. நண்பர்களோடு சேர்வதை விட்டார்கள். எரிச்சலும் சோர்வும் கூடின.

இவர்களில் யாருக்கும் முன்பு உண்ணுதல் கோளாறு இருந்ததில்லை, பட்டினி ஒன்றே இதையெல்லாம் செய்தது. ஆகவே "எனக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை, எழுத உட்கார்ந்தால் அதுதான் வருகிறது" என்று நீங்கள் சொன்னால், அதில் உங்கள் மனவுறுதிக்கோ கற்பனைக்கோ ஒரு குறையும் இல்லை. உடம்பு தன் பசியைச் சொல்கிறது, அவ்வளவுதான். மருத்துவர், டயட்டீஷியன், மனநல ஆலோசகர் ஆகியோரோடு சேர்ந்து சாப்பாடு ஒழுங்குக்கு வர வர, எழுத்துக்கும் இடம் கிடைக்கும். எழுத்து அந்தச் சிகிச்சைக்குத் துணை, அதற்கு மாற்று அல்ல.

அப்படியென்றால் எழுதுவதால் என்னதான் பயன்?

இந்த நோய் வந்தவருடைய தலைக்குள் ஒரு குரல் ஓயாமல் பேசுகிறது. "இது வேண்டாம். அது அதிகம். நீ தோற்றுவிட்டாய்." கொஞ்ச நாளில் அது தன் குரல்தான் என்று அவர் நம்பத் தொடங்கிவிடுகிறார். அதைத் தாளில் இறக்கி வைத்தால், எது நோயின் பேச்சு, எது என் பேச்சு என்று பிரித்துப் பார்க்க முடியும். அப்புறம், அந்தக் குரல் பேசாத விஷயங்களை எழுத எழுத, நோய்க்கு வெளியே தனக்கு ஒரு வாழ்க்கை இன்னும் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எழுத்தால் கிடைப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவதுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் சக ஆய்வாளர் சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதினார்கள். என்ன நடந்தது என்பதோடு அப்போது என்ன உணர்ந்தோம் என்பதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னாளில் அவர் எழுத்துகளின் சொற்களையே ஆராய்ந்தார். நாளுக்கு நாள் "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" மாதிரியான சொற்கள் கூடியவர்களுக்குப் பலன் அதிகம் கிடைத்திருந்தது. அதாவது புலம்பல் மெல்ல மெல்லக் கதையாக மாறியவர்களுக்கு.

உண்ணுதல் கோளாற்றில் எழுத்தைப் பற்றி நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. யாராவது எழுதியே குணமாக்குகிறேன் என்று பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

எப்போது நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மயக்கம் வருவது, நெஞ்சு படபடப்பு, நிற்கும்போது கண் இருட்டுவது, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போவது, வேகமாக மெலிவது. இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தில் உப்புச்சத்து தாறுமாறானால் இதயத்தைத் தாக்கும். வெளியே பார்க்க ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. "இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை" என்று காத்திருக்க வேண்டிய நோய் அல்ல இது.

வாழவே வேண்டாம் என்று தோன்றினாலும் அதே அவசரம்தான். இந்தியாவில் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

எனக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புசம், சாப்பிட்டால் நெஞ்சில் நிற்கிறது, அவ்வளவுதான். எனக்கு இந்தப் பக்கம் பொருந்துமா?

பொருந்தலாம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் இதைத்தான் எழுதினார். அவர் பார்த்த அனோரெக்ஸியா நோயாளிகளில் பலர் எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். மேலைநாட்டுப் பாடநூல்களில் இருந்த வர்ணனை எல்லா ஊருக்கும் ஒத்துவராது என்று அவர் காட்டினார்.

நம் வீடுகளில் இது விரதத்துக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். அப்புறம் செவ்வாயும். அப்புறம் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம். "என்ன பக்தி பாரு பிள்ளைக்கு!" என்று பாட்டி மெச்சிக்கொள்வாள். விரதம் இருப்பது நோய் இல்லை. விரதம் முடிந்த பிறகும் சாப்பிட முடியவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். முதலில் குடல், இரைப்பையில் வேறு கோளாறு இல்லை என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

நோய்க்கே கடிதம் எழுதச் சொல்கிறார்களே, அது என்ன?

லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரபலமாக்கிய முறை அது. நோயாளி இரண்டு கடிதம் எழுத வேண்டும். ஒன்று, "என் நண்பன் அனோரெக்ஸியாவுக்கு". மற்றொன்று, "என் எதிரி அனோரெக்ஸியாவுக்கு". லூசி செர்பெல், ஜேனட் ட்ரெஷர் முதலியோர் அந்தக் கடிதங்களைப் படித்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நண்பனுக்கு எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வந்தது பாதுகாப்பு: "நீ என்னைப் பார்த்துக்கொள்கிறாய்." எதிரிக்கு எழுதியவற்றில், எப்போதும் சாப்பாட்டு நினைவு, என் வாழ்க்கையை நீயே எடுத்துக்கொண்டாய் என்ற குமுறல். அந்தக் குழுவில் வளர்ந்த மான்ட்ரா என்ற சிகிச்சையில் இன்றும் எழுத்துப் பயிற்சிகள் உண்டு. பிரிட்டனின் 2017 மருத்துவ வழிகாட்டி, பெரியவர்களின் அனோரெக்ஸியாவுக்குப் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

இப்படி இருக்கலாம் என்று காட்ட நானே எழுதிப் பார்த்த இரண்டு துண்டுகள்:

"பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்பா என்னோடு பேசவில்லை. பேப்பரை மடித்து டிவி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நீ மட்டும்தான் பக்கத்தில் இருந்தாய். 'இதையாவது உன்னால் சரியாகச் செய்ய முடியும்' என்றாய்."

"சித்தி கல்யாணத்துக்கு எல்லோரும் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனார்கள். பந்தியில் உட்கார வேண்டுமே என்று நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். சித்தி ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் 'நீதாண்டி இதுல இல்ல' என்கிறாள். அந்த ஒரு ஃபோட்டோவை உன்னால் எனக்குத் திருப்பித் தர முடியுமா?"

முதல் துண்டைப் படித்துப் பயப்பட வேண்டாம். நோய் எதைத் தருவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அது ஒரு தேர்ச்சி உணர்வு. அதை வேறு எங்கிருந்து பெறலாம் என்று ஆலோசகரோடு பேச இப்போது ஒரு நூல் கிடைத்துவிட்டது. ஆனால் நண்பனுக்கு எழுதும் கடிதத்தைத் தனியாக எழுதி, தனியாகவே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆலோசகர் இருக்கும்போது எழுதுங்கள், இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். எதிரிக்கு எழுதுவதில் "நீ என் வாழ்க்கையைக் கெடுத்தாய்" என்று பொதுவாக நிறுத்தாமல், வேன், ஆல்பம், ஃபோட்டோ என்று இழந்த பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.

நோயைத் தனி ஆளாக நினைத்துப் பேசினால், வீட்டில் 'பேய் பிடிச்சிருக்கு' என்று சொல்லிவிட மாட்டார்களா?

நியாயமான கவலை. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய கதைவழிச் சிகிச்சையில் நோயையும் ஆளையும் பிரிப்பது அடிப்படை. பிரச்சினைதான் பிரச்சினை, ஆள் பிரச்சினை அல்ல என்பார்கள். எப்ஸ்டன் அனோரெக்ஸியாவை எதிர்த்தவர்களின் கடிதங்களையும் பேச்சுகளையும் திரட்டி, அடுத்து வருபவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்.

இதை நம் ஊரில் செய்யும்போது நோய்க்குப் பேய், சாத்தான், முனி என்று பெயர் வைக்காதீர்கள். அங்கிருந்து மந்திரவாதிக்கும் தாயத்துக்கும் ஒரே எட்டுதான், சிகிச்சை தள்ளிப்போகும். சாதாரணமான, கொஞ்சம் எரிச்சலூட்டும் பெயராக வையுங்கள்: கணக்குப்பிள்ளை, ஹெட்மிஸ்ட்ரஸ், தராசு மாமா. இன்னொன்று, அந்தப் பெயரை வைக்கும் உரிமை நோயாளிக்கு மட்டுமே. சாப்பாட்டு மேசையில் அண்ணன் "இப்ப பேசுறது நீயா, கணக்குப்பிள்ளையா?" என்று கிண்டலடித்தால் எல்லாம் பாழ்.

எதை எழுதக்கூடாது?

எண்களை. எடை, கலோரி, உடை அளவு, எத்தனை வேளை சாப்பிடவில்லை, எத்தனை மணி நேரம் நடந்தேன், எதுவும் வேண்டாம். செய்த முறைகளையும் விவரிக்க வேண்டாம். இந்த நோயின் மொழியே எண்தான். ஒரு எண்ணைப் பார்த்ததும் "நான் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லையே" என்று படிப்பவருடைய நோய் போட்டிக்கு இறங்கும். எழுதியவரும் பிறகு திருப்பிப் படிக்கும்போது தன் பழைய எண்ணோடு போட்டி போடுவார்.

இது என் யூகம் மட்டுமல்ல. எமிலி ட்ராஸ்சியாங்கோ என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர், பிரிட்டனின் பீட் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, வாசிப்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி 885 பேரிடம் கேட்டு 2018இல் வெளியிட்டார். உண்ணுதல் கோளாற்றைப் பற்றிய கதைகளைப் படித்தது தங்களுக்குக் கெடுதலே செய்தது என்று சொன்னவர்கள் நிறைய. சிலர் நோயை வளர்த்துக்கொள்வதற்காகவே அத்தகைய புத்தகங்களைத் தேடிப் படித்திருந்தார்கள். உதவியது எது என்று கேட்டால், நோயோடு சம்பந்தமே இல்லாத, தங்களுக்குப் பிடித்த வேறு கதைகள்.

என் தலைப்பின் காரணம் இதுதான். நோயைக் கதாநாயகி ஆக்கும் எழுத்து, மெலிந்த உடம்பை அழகாக வர்ணிக்கும் கவிதை, பசியைத் தவம்போலப் பாடும் வரி, இவை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் நோய்க்குத்தான் உழைக்கின்றன. எழுதி முடித்ததும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இதைப் படித்தால் என் நோய் சந்தோஷப்படுமா? ஆம் என்றால் கிழித்துப் போடுங்கள்.

டாக்டர் எழுதச் சொன்ன சாப்பாட்டு டைரியும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டபர் ஃபேர்பர்ன் வடிவமைத்த, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையில் சாப்பிட்ட அந்தந்த நேரத்திலேயே என்ன, எங்கே, அப்போது என்ன தோன்றியது என்று குறிக்கச் சொல்வார்கள். அதில்கூடக் கலோரி கிடையாது. அது சிகிச்சையின் கருவி, சொன்னபடியே எழுதுங்கள். கதைக்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி நேரடியாக எழுதக் கை வரவில்லை. என்ன செய்வது?

"நான்" என்பதை "அவள்" ஆக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் ஒரு கதைக்குள் புகுந்துகொள்ளுங்கள். தமிழில் இதற்கென்றே இருப்பதுபோல் ஒருத்தி இருக்கிறாள்: மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை. வித்தியாதரப் பெண். முனிவர் ஒருவருக்காக இருந்த நாவல் கனியைச் செருக்கில் காலால் மிதித்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டு தீராத பசியில் வாடு என்பது சாபம். எவ்வளவு உண்டாலும் அடங்காத அந்தப் பசிக்கு யானைத்தீ என்று பெயர். புகார் நகரில் அலைகிறவளுக்கு மணிமேகலை அமுதசுரபியிலிருந்து சோறு இட, பசி தீர்கிறது.

காப்பியத்தில் யாரும் அவளைப் பேராசைக்காரி, நாக்கைக் கட்டத் தெரியாதவள் என்று ஏசுவதில்லை. அது ஒரு நோய், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அவளுக்கு உணவு வேண்டும், அவ்வளவுதான். பிஞ்ச் ஈட்டிங் உள்ளவர்கள் ராத்திரியில் சமையலறையில் விளக்குப் போடாமல் நின்று சாப்பிட்டுவிட்டு, "நான் ஒரு ஜென்மமா" என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி: பன்னிரண்டு ஆண்டின் நடுவே ஏதாவது ஒரு நாள் மாலை, காயசண்டிகை ஒரு சத்திரத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு பெண் அவளிடம் ஒன்றும் கேட்காமல் பேச்சுக் கொடுக்கிறாள். அந்தப் பேச்சை மட்டும் எழுதுங்கள்.

அவளுக்கு ஒரே பிடிச் சோற்றில் தீர்ந்ததுபோல் நமக்குத் தீராது. அந்த இடத்தை உங்கள் கதையில் மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் மூன்று வேளை, யாரோ ஒருவர் அருகே உட்கார்ந்திருக்க, பல மாதம் என்று.

வேறு என்ன பயிற்சிகள்?

கல்யாண வீடு எழுதுங்கள். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் இடத்திலேயே பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு "என்னடி, நல்லா பூசினாப்ல ஆயிட்ட!" என்கிறாள். அல்லது "என்ன இப்படி எலும்பும் தோலுமா, உங்கம்மா சோறு போடறதில்லையா?" இரண்டும் அன்பில் சொன்னதுதான், இரண்டுமே இரண்டு வாரத்துக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். முதலில் நடந்தபடி எழுதுங்கள். அடுத்து அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைச் சேருங்கள். மூன்றாவதாக, அதே காட்சியைப் பெரியம்மாவின் கண்ணால் எழுதுங்கள். அவளுடைய சின்ன வயதில் அவளை யார் என்ன சொன்னார்கள்? இந்த மூன்றாவதை எழுதும்போதுதான் பலருக்குக் கோபம் வேறு வடிவம் எடுக்கிறது. கோபம் போய்விட வேண்டும் என்று இல்லை. பெரியம்மாவை மன்னிப்பதும் கட்டாயம் இல்லை.

நல்வழியில் ஔவையார் தன் வயிற்றைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொள்கிறார்: ஒரு நாள் உணவை விடு என்றால் விடமாட்டாய், இரண்டு நாளுக்குச் சேர்த்து ஏற்றுக்கொள் என்றாலும் ஏற்கமாட்டாய், உன்னோடு வாழ்வது கஷ்டம் என்று. அந்த வயிறு திருப்பிப் பேசட்டும். அது இத்தனை நாள் என்னவெல்லாம் பொறுத்துக்கொண்டது, உங்களிடம் என்ன கேட்கிறது? புலிமியா உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, மனம் அமைதியாக இருக்கும்போது எழுதுங்கள்.

அடுத்தது, உடம்பு செய்யும் வேலையைப் பற்றி, தோற்றத்தைத் தொடாமல். கை என்றால் அது பூத்தொடுக்கும் விதம், தம்பியின் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது, தபேலாவில் முதல் பாடம் வாசித்தது. கை ஒல்லியா குண்டா என்ற பேச்சே வரக்கூடாது. கேட்க எளிதாகத் தோன்றும், முதல் தடவை பலருக்கு ஐந்து வரிக்கு மேல் வராது. வந்தவரை போதும்.

கடைசியாக, சாப்பாடே வராத ஒரு கதை. மழைக்கால ரயில் நிலையம், தொலைந்த நாய்க்குட்டி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ரேடியோ, எது வேண்டுமானாலும். கொஞ்ச நேரம் நோய் இல்லாத ஓர் உலகத்தில் இருந்துவிட்டு வருகிறீர்கள். பயிற்சிகளில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

எப்போது, எவ்வளவு நேரம்?

சாப்பாட்டு வேளையை எழுத்து விழுங்கக்கூடாது. "இந்தப் பாராவை முடிச்சுட்டு வரேம்மா" என்பது நோயின் புதுச் சாக்காக ஆகிவிடும். சாப்பிட்டு முடித்த அடுத்த அரை மணி நேரம் பலருக்கு மிகக் கஷ்டமானது. குற்ற உணர்வும், சாப்பிட்டதை வெளியேற்றும் உந்துதலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கூடத்தில், மற்றவர்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, நோயைப் பற்றியல்லாத ஏதாவது ஒன்றைப் பதினைந்து நிமிடம் எழுதுங்கள். கனமான விஷயங்களை ராத்திரி படுக்கப் போகும் முன் எடுக்காதீர்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

எதில் வருகிறதோ அதில். எந்த மொழியில் திட்டு வாங்கினீர்களோ அந்த மொழியில் எழுதினால் வேகமாக உள்ளே போகும், அதிகமாக வலிக்கவும் செய்யும். தாங்கவில்லை என்றால் மற்ற மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழ், தங்கிலீஷ், எல்லாம் சரி.

எழுதிய பிறகு இன்னும் மோசமாக இருக்கிறதே?

எழுதிய உடனே மனம் கனப்பது வழக்கம்தான், பென்னிபேக்கரின் ஆய்வுகளிலும் அப்படித்தான் இருந்தது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது இறங்க வேண்டும். ஒரு விஷயத்தை எழுதினால் நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை எழுதாதீர்கள், வேறொன்றை எழுதுங்கள் என்று அவரே சொல்கிறார். சிறுவயதில் நடந்த பாலியல் துன்புறுத்தல், அடி உதை போன்றவற்றைத் தனியாக உட்கார்ந்து கிளற வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் கூட இருக்க வேண்டும். ஒரே சம்பவத்தை நாள் கணக்காக ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள்.

நன்றாக வரவில்லை என்று கிழித்துக் கிழித்துப் போடுகிறேன்.

அனோரெக்ஸியா உள்ளவர்களிடம் எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அடிக்கடி உண்டு. சாப்பாட்டில் இருந்த அந்தக் கண்டிப்பு நோட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. பென்சிலை விட்டு மை பேனாவால் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் அப்படியே இருக்கட்டும். வேண்டுமென்றே ஒரு மட்டமான கவிதை எழுதி ஆலோசகரிடம் வாசித்துக் காட்டுங்கள். அதைத் தாங்கிக்கொள்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

குணமாகிவிட்டால் என் எழுத்தும் போய்விடுமோ? இந்த வலிதானே என்னை எழுத வைக்கிறது?

2020இல் இலக்கிய நோபல் பெற்ற அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளூக்குக்கும் இதே பயம் இருந்தது. பதின்வயதில் அவருக்கு அனோரெக்ஸியா முற்றியது. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் பாதியில் நின்றார். ஏழு ஆண்டு உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை எடுத்தார். நீங்கள் என்னை முழுக்கக் குணமாக்கிவிட்டால் நான் இனி எழுதவே மாட்டேன் என்று மருத்துவரிடம் வாதாடினாராம். உலகம் உனக்குப் போதுமான துயரத்தைத் தரும் என்று அவர் பதில் சொன்னதாகப் பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தச் சிகிச்சைதான் தனக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்லியிருக்கிறார். 2023இல், எண்பது வயதில் மறையும்வரை கவிதை எழுதினார்.

நோய் எழுத வைப்பதாகத் தோன்றும். கொஞ்ச நாள் கழித்துப் பாருங்கள், அது ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எழுத வைத்திருக்கும். பசித்த மூளைக்குக் கவனம் நிற்காது, வேடிக்கை பார்க்கத் தெம்பு இருக்காது, அடுத்தவர் பேச்சு காதில் விழாது. எழுதுகிறவருக்கு இவை மூன்றும் இல்லாமல் எப்படி?

பையன்களுக்கும் இது வருமா?

வரும். ஜிம், சிக்ஸ் பேக், "கட்டிங்" (உடம்பின் கொழுப்பைக் குறைப்பது) என்ற பேச்சுக்குள் மறைந்திருப்பதால் வீட்டில் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. கடிதம், கவிதை என்றால் கூச்சப்படும் பையன்களுக்குக் காமிக்ஸ், ராப் வரிகள், கிரிக்கெட் வர்ணனை பாணியில் ஒரு நாளைச் சொல்வது எல்லாம் ஒத்துவரும். பேனாவே வேண்டாம், போனில் பேசிப் பதிந்தாலும் சரி.

இன்ஸ்டாகிராமில் போடலாமா?

சிகிச்சை நடக்கும்போது வேண்டாம் என்பதே என் கருத்து. லைக் கூடினால் நோயாளி என்ற அடையாளத்தை விடுவது கஷ்டமாகிவிடும், குறைந்தால் அது இன்னொரு தோல்வியாகத் தெரியும். தெரியாத ஆட்கள் "நீ எப்படி இளைச்ச?" என்று வழிமுறை கேட்டுச் செய்தி அனுப்புவார்கள். தேறி, காலம் கடந்த பிறகு வெளியிட நினைத்தால் எண்கள், முறைகள், அன்றும் இன்றும் என்ற படங்கள் மூன்றையும் நீக்கிவிட்டு, உங்களை அறிந்த ஒருவரிடம் முதலில் படிக்கக் கொடுங்கள்.

மகளின் நோட்டை அவளுக்குத் தெரியாமல் படித்துப் பார்க்கலாமா?

கூடாது. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அவள் உண்மையை எழுதுவதை நிறுத்திவிடுவாள். உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் நோட்டைத் தேடாமல் நேராக அவளிடம் கேளுங்கள், மருத்துவரை அழையுங்கள்.

பதின்வயதினருக்கான சிகிச்சையில் பெற்றோரின் பங்கு பெரியது. 1980களில் அதே மாட்ஸ்லியில் உருவான குடும்பவழிச் சிகிச்சையில், பிள்ளை தானாகச் சாப்பிடத் தேறும்வரை சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர்தான் ஏற்கிறார்கள். எதனால் வந்தது, யார் மேல் தப்பு என்ற விசாரணையை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். இப்படித் தினமும் மூன்று வேளை தட்டோடு போராடும் அம்மாவுக்கும் எழுத ஒரு நோட்டு வேண்டும். அவளும் கோபத்தையும் பயத்தையும் எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. "அப்பவே நான் கவனிச்சிருக்கணும்" என்ற வரியில் தொடங்கி அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், அடுத்த பக்கத்தில் அன்றைக்கு மகள் சொன்ன, சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு வாக்கியத்தை எழுதி வைக்கச் சொல்வேன்.

அவளே ஒரு நாள் எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன சொல்ல வேண்டும்?

உட்கார்ந்து, கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, முழுசாகப் படியுங்கள். எழுத்துப்பிழை சொல்லாதீர்கள். "சூப்பரா எழுதியிருக்க, போட்டிக்கு அனுப்பலாம்" என்பதும் வேண்டாம், அவள் மார்க் கேட்டு வரவில்லை. "எங்களப் பத்தி இப்படி எழுதிட்டியே" என்று அழுதால் அடுத்தது வராது. அதில் உங்களைப் பற்றிக் கசப்பான வரி இருக்கக்கூடும். அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டியதில்லை.

உங்களுக்குள் நின்ற ஒரு வரியை அவளிடம் திருப்பிச் சொல்லுங்கள். "அந்த வேன்ல நீ இல்லாதது எனக்கும் ஞாபகம் இருக்கும்மா." அதற்கு மேல் அவள் பேசினால் கேளுங்கள். பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். அதில் சாகவேண்டும், வெட்டிக்கொண்டேன் என்ற பொருளில் ஏதாவது இருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும்: அன்றைக்கே, அவளுக்குத் தெரியும்படியாகவே, மருத்துவரிடம் சொல்லுங்கள். ராத்திரியானால் 14416.